ஒரே சொல்லின் அரசியல்

பெரிய அரசியற் கட்சிக்குப் பல சொற்கள் வாய்த்திருக்கும். மொழி என்று ஒருநாள் பேசும். நிலம் என்று ஒருநாள் பேசும். அரிசி விலை என்று மற்றொரு நாள் பேசும். ஒன்று எடுபடாவிடின் அடுத்ததை எடுத்துக்கொண்டு மேடை ஏறும். சிறிய கட்சியின் நிலைமை வேறு. அதற்கு வாய்ப்பது பெரும்பாலும் ஒரே சொல்தான். அச்சொல்லைக் கேட்டு ஊர் நகைத்தாலும், ஏசினாலும், அதனையே திரும்பத் திரும்பச் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொன்னவர் அரங்கை விட்டு அகன்ற பின்னும் சில வேளைகளில் அச்சொல் அங்கேயே தங்கிவிடுகிறது.

இலங்கைப் பாராளுமன்றத்தில் அண்மைக் காலத்தில் அவ்வாறு தங்கிவிட்ட சொல் ஒன்று உண்டு. அது கஞ்சா. அதனைத் துணிந்து சொன்னவர் திருமதி டயனா கமகே. 2020ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதம் உறுப்பினரானார். 2024ஆம் ஆண்டு மே மாதம் ஆசனத்தை இழந்தார். நான்காண்டுகளுக்கும் குறைந்த அந்த அரசியல் வாழ்வை, அதில் எழுந்த கூச்சலை நீக்கிவிட்டு நிதானமாக எண்ணிப் பார்த்தல் தகும். அதிலும் சப்பிரகமுவ மலைச்சாரலில் வாழும் தோட்ட மக்கள் அதனை எண்ணிப் பார்ப்பது மிகவும் தகும். ஏனெனில், நாட்டின் கடனை ஒரு பயிர் தீர்க்கும் என்ற வாக்கை அவர்கள் கேட்பது இது முதல் முறையன்று.

எஹலியகொடவின் அனுபவம்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி செல்லும் நெடுஞ்சாலையில் அவிசாவளையைக் கடந்தால் வருவது எஹலியகொட. வானம் இங்கே மழைக்குக் குறை வைப்பதில்லை. சரிவெங்கும் இறப்பர் மரங்கள். இடையிடையே சிறு தேயிலைத் தோட்டங்கள். பள்ளத்து வயல்களில் மாணிக்கக் குழிகள். மரத்தடியில் விடியும் முன்னரே பால்வெட்டுக் கத்தியுடன் நிற்கும் மக்களுக்கு மழையே பகை. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையேல் அன்றைக்குப் பேர் இல்லை, தப்பினால் அரைப்பேர். இதுதான் இவ்வூர்த் தோட்டங்களின் பழைய கணக்கு.

இந்தச் சரிவுகளில் நிற்கும் பயிர் எதுவும் இங்கு வாழ்வோர் தாமாக விரும்பி வைத்ததன்று. எல்லாம் வெளியிலிருந்து வந்த கட்டளையின் பேரில் வந்தவை. மலைநாட்டிலே முதலில் கோப்பி வந்தது. 1869ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பி சாம்பலாயிற்று. அந்த இடைக்காலத்திலே துரைமார் கைப்பற்றிய பயிர் சிங்கோனா. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவைத் தரும் மரம் அது. இன்று கஞ்சாவைப் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் அன்று சிங்கோனாவைப் பற்றிச் சொல்லப்பட்டது. மருந்துப் பயிர், உலகெங்கும் தேவை, விலை உறுதி, நாட்டுக்கு மீட்சி என்றார்கள். 1880களின் நடுவில் ஆண்டுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கு மேற்பட்ட சிங்கோனாப் பட்டை இலங்கையிலிருந்து கப்பலேறியது. எல்லோரும் ஒரே வேளையில் பட்டையை உரித்து ஏற்றவே சந்தை நிரம்பி வழிந்தது; விலை விழுந்தது. யாவாத் தீவின் உயர்ந்த பட்டையோடு போட்டியிட முடியாமல், நட்ட மரங்களை வெட்டிவிட்டுத் தேயிலை நட்டார்கள்.

இறப்பர் வந்த கதையும் இதற்கு அயலானதன்று. 1876ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து கன்றுகள் வந்து ஹெனரத்கொடவில் வேரூன்றின. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகவே, களனிப் பள்ளத்தாக்கும் சப்பிரகமுவவும் இறப்பர்க் காடாயின. 1912இல் இரத்தினபுரியை எட்டிய ஒடுக்கமான புகைவண்டிப் பாதை எஹலியகொட வழியாகவே சென்றது. அது 1970களில் மூடப்பட்டது. பாதை வந்ததும் போனதும் பயிரின் இலாபக் கணக்கை ஒட்டியே. அண்மைக் காலத்தில் சில தோட்டங்களில் இறப்பரை நீக்கி முள்ளுத்தேங்காய் நட்டார்கள். 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் அதற்குத் தடை வந்தது. நட்டவற்றையும் படிப்படியாகப் பிடுங்குமாறு அரசு ஆணையிட்டது. ஒரு பயிரைக் கொண்டுவருவதும் ஒழிப்பதும் கொழும்பில் ஒரு கையெழுத்து. வேர்விட்ட மரத்தைப் பிடுங்கும் வேலை மட்டும் தோட்டத்துக்கு உரியது.

கஞ்சாவின் பெயரால் நடந்த அரசியலை இத்தகைய அனுபவத்தோடுதான் இங்குள்ளோர் நோக்க வேண்டியிருக்கிறது.

சிறிய வாயில்

டயனா கமகே பாராளுமன்றத்துக்கு வந்த வழியே ஒரு பாடம். "அபே ஜாதிக பெரமுன" என்ற பெயரில் பதிவு பெற்றிருந்த சிறிய கட்சி ஒன்று இருந்தது. அவரும் அவர் கணவரும் அதில் பொறுப்பு வகித்தார்கள். மேடையில் அதன் பெயரை அறிந்தவர் மிகச் சிலர். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐக்கிய தேசியக் கட்சியிலிருந்து பிரிந்த சஜித் பிரேமதாச அணியினர்க்கு உடனடியாக ஒரு பதிவு தேவைப்பட்டது. சிறிய கட்சியின் பதிவு பெரிய அணியின் கைக்குச் சென்றது, பெயர் மாறியது, ஐக்கிய மக்கள் சக்தி பிறந்தது. அவ்வாண்டு ஒகஸ்ட் தேர்தலில் அக்கட்சி 54 ஆசனங்களைப் பெற்றது. அவற்றுள் ஏழு தேசியப் பட்டியலுக்குரியவை. அந்த ஏழில் ஒன்றில் டயனா கமகே அமர்ந்தார்.

தேசியப் பட்டியல் உறுப்பினருக்குத் தொகுதி இல்லை. வாக்குக் கேட்டுப் படலை படலையாக ஏற வேண்டியதில்லை. தோற்றுப்போவேனோ என்று அஞ்ச வேண்டியதுமில்லை. அதனால் தொகுதி உறுப்பினர் வாய்திறவாத பொருளை அவர் பேசலாம். அவருடைய குறையும் அதுவே. தம் பின்னால் நின்று தோள் கொடுக்க ஓர் ஊர் அவருக்கு இல்லை.

அதே ஆண்டு ஒக்டோபரில் இருபதாம் அரசியலமைப்புத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. தம் கட்சியின் தீர்மானத்தை மீறி அதற்கு ஆதரவாக வாக்களித்த சிலருள் டயனா கமகேயும் ஒருவர். அன்றோடு கட்சிக்கும் அவருக்கும் உறவு முறிந்தது. சிறிய கட்சி பெரிய கட்சியாக மாறிய பின், அதன் பழைய உரிமையாளர் மீண்டும் தனிமரமானார். அந்தத் தனிமையில்தான் அவர் தம் ஒரே சொல்லைக் கையில் எடுத்தார்.

விஜயபத்திரம்

அவர் அதனைக் கஞ்சா என்று மட்டும் சொல்லவில்லை. "திரைலோக விஜயபத்திரம்" என்றார். மூவுலகையும் வென்ற இலை என்று பொருள். சுதேச மருத்துவ ஏட்டு மரபின் பெயர் அது. பெயரை மாற்றினால் நோக்கு மாறும் என்பதை அவர் அறிந்திருந்தார். இது போதைப்பொருளன்று, மருந்து. இதனைப் பயிரிட்டு வெளிநாட்டுக்கு ஏற்றினால் டொலர் குவியும். நாட்டின் கடனை அடைக்கலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். முதலில் சபையில் சிரிப்பு எழுந்தது. மதத் தலைவர் சிலரும் ஒழுக்கம் பேசுவோரும் சினந்தனர். இளைஞர் சிலர் கைதட்டினர்.

ஆனால் அவர் சொன்னது வானத்திலிருந்து விழுந்த கருத்தன்று. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் கஞ்சாவைப் பயிரிடுவதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. எனினும் நாட்டு வைத்தியர்களின் மருந்துகளில் கஞ்சாவுக்கு இடம் இருந்தது. மதனமோதகம் என்னும் லேகிய உருண்டையைக் கேள்விப்படாதவர் இலர். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் இந்த மருத்துவ மரபுக்கு அரசின் காப்பைத் தந்தது. எனினும் மருந்துக்கு வேண்டிய கஞ்சாவைப் பயிரிட வழியில்லாததால், பொலிசார் கைப்பற்றி வழக்கு முடிந்தபின் நீதிமன்றங்கள் விடுவிக்கும் பழைய சரக்கையே ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனம் நம்பியிருந்தது. வழக்கு முடியும்வரை மூட்டையில் கிடந்து சாரம் இழந்த இலையால் என்ன மருந்து செய்வது? 2017ஆம் ஆண்டில் அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன, மருத்துவத் தேவைக்காக இங்கிரியவில் 100 ஏக்கரில் கஞ்சாத் தோட்டம் அமைக்கப்படும் என்று அறிவித்தார். இங்கிரிய நமது எஹலியகொடவுக்குப் பெருந்தொலைவில் உள்ளதன்று. அதுவும் இறப்பர் விளையும் மண்ணே. டயனா கமகே சபைக்கு வருமுன்னரே அந்தச் சொல் இப்பக்கத்து மலைகளை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டது என்பதற்காக இதனைச் சொல்கிறோம்.

உலகிலும் காற்று மாறிக்கொண்டிருந்தது. 1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை கஞ்சாவை ஹெரோயினோடு சேர்த்து மிகக் கடுமையான பட்டியலில் வைத்திருந்தது. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் அப்பட்டியலிலிருந்து அதனை நீக்குவதா என்று ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழுவில் வாக்கெடுத்தார்கள். நீக்குக என்றவை 27 நாடுகள். வேண்டாம் என்றவை 25. இந்தியா நீக்குக என்ற பக்கம் நின்றது. அதற்கு முன்பே, 2018இல், குழந்தைகளை வாட்டும் அரிய வலிப்பு நோய்கள் சிலவற்றுக்குக் கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த மருந்தொன்றை அமெரிக்க அரசு அனுமதித்திருந்தது. ஒரு நூற்றாண்டாகக் குற்றவாளிக் கூண்டில் நின்ற செடி மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது.

காலம் கைகொடுத்தது

எனினும் உலகத்து மாற்றத்தினால் டயனா கமகேயின் சொல் எடுபடவில்லை. நாட்டின் வறுமையினால் எடுபட்டது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை நிறுத்தியது. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டே ஓடினார். டொலர் என்ற சொல்லே அமுதமாக இனித்த அந்நாளில், டொலர் தரும் பயிர் என்றால் யார் செவிசாய்க்க மாட்டார்?

அவ்வாண்டு செப்டெம்பரில் டயனா கமகே சுற்றுலாத்துறை இராஜாங்க அமைச்சரானார். நவம்பரில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில், ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவது பற்றி ஆராய நிபுணர் குழு அமைக்கும் யோசனை இடம்பெற்றது. முன்னாள் சிரித்த சபையே அதனைக் கேட்டுக்கொண்டிருந்தது. தொகுதி இல்லாத, கட்சி இல்லாத ஓர் உறுப்பினரின் ஒரே சொல் நாட்டின் வரவு செலவு ஏட்டில் ஏறிவிட்டது. சிறிய கட்சி அரசியலுக்கு இதனினும் பெரிய வெற்றி அரிது.

அயல் நாட்டுச் சான்றுகள்

இத்தகைய வெற்றி எல்லா நாட்டிலும் கிட்டியதில்லை. நியூசிலாந்தில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் கட்சியென்றே ஒன்று 1996ஆம் ஆண்டில் தோன்றியது. தேர்தலுக்குத் தேர்தல் நின்றது. ஓர் ஆசனமும் பெற்றதில்லை. ஆனால் 2020ஆம் ஆண்டில் அந்நாட்டு மக்கள் அனைவர் முன்னும் அக்கேள்வி பொதுவாக்கெடுப்பாக வந்தது. வேண்டாம் என்றோர் நூற்றுக்கு 50.7, வேண்டும் என்றோர் 48.4. தோற்றாலும், ஆசனமில்லாத கட்சியின் கேள்வி நாட்டை ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரித்து நிறுத்திவிட்டது.

தாய்லாந்தின் கதை வேறு விதம். அங்கே அனுதின் சார்ன்விரகுல் தலைமையிலான பூம்ஜாய்தாய் கட்சி 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் வீட்டுக்கு ஆறு கஞ்சாச் செடி என்று வாக்களித்தது. வயலில் நெல்லும் மரவள்ளியும் விளைத்து நட்டப்படும் உழவர்க்கு அது இனிய சொல்லாயிற்று. 51 ஆசனங்களோடு அக்கட்சி கூட்டரசில் சேர்ந்தது. அனுதின் சுகாதார அமைச்சரானார். 2022ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் கஞ்சா போதைப்பொருட் பட்டியலிலிருந்து நீங்கியது. அரசே பத்து இலட்சம் செடிகளை வீடுகளுக்கு வழங்கியது. நெறிப்படுத்தும் சட்டம் வருமுன் கடைகள் பெருகின. 2025ஆம் ஆண்டு ஜூனில், அக்கட்சி கூட்டரசை விட்டு விலகிய நாட்களிலேயே, மருத்துவரின் சீட்டின்றிப் பூவை விற்கக் கூடாது என்று அரசு மீண்டும் கட்டுப்படுத்தியது. அரசை நம்பிச் செடி வளர்த்த சிறு உழவர் கையைப் பிசைந்து நின்றார்கள்.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாப் பூவையும் பிசினையும் தடுத்து, தனி இலையை விட்டுவைத்தது. அதனால் வடநாட்டுப் பாங்கு பானம் தப்பியது. பாட்டியாலாவின் இதய மருத்துவர் தர்மவீர் காந்தி 2014இல் ஆம் ஆத்மி கட்சியின் சார்பில் மக்களவை உறுப்பினரானார். மறு ஆண்டே கட்சியால் இடைநிறுத்தப்பட்டுத் தனித்து நின்றார். 2016இல் அவர் இச்சட்டத்தைத் திருத்தத் தனிநபர் மசோதா ஒன்றை முன்வைத்தார். அவர் பேசியது டொலரைப் பற்றியன்று. பஞ்சாபில் அபின், கஞ்சா போன்ற பழைய இயற்கைப் பொருள்களைத் தடுத்ததால், கொடிய இரசாயனப் போதைகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. ஏழை இளைஞர் சிறையில் மடிகிறார்கள் என்பது அவர் வாதம். 1970க்குப் பின் தனிநபர் மசோதா எதுவும் இந்தியாவில் சட்டமானதில்லை, இதுவும் ஆகவில்லை. ஆயினும் அவர் யாருக்காகப் பேசினார் என்பதில் ஐயம் இல்லை.

இந்த மூவகையையும் நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஒரே சொல்லை எடுத்தவர் அச்சொல்லோடு யாரைச் சேர்த்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது. அனுதின் அதனை உழவரோடு சேர்த்தார், ஆனால் காப்பின்றி விட்டார். தர்மவீர் காந்தி சிறைப்பட்டவரோடு சேர்த்தார். டயனா கமகே டொலரோடு சேர்த்தார்.

குடியுரிமை என்னும் வாள்

டயனா கமகேயின் வீழ்ச்சி அவர் பேசிய பொருளால் வரவில்லை. அவர் பிரித்தானியப் பிரசை என்றும், அதனால் இந்நாட்டுப் பாராளுமன்றத்தில் அமரத் தகுதியற்றவர் என்றும் வழக்குத் தொடரப்பட்டது. 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அம்மனுவைத் தள்ளுபடி செய்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2024ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், மூன்று நீதியரசர் கொண்ட ஆயம் அவர் உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் எனத் தீர்ப்பளித்தது. ஒரே நாளில் அமைச்சும் ஆசனமும் போயின. அந்த ஆசனம் ஐக்கிய மக்கள் சக்திக்கே திரும்பிச் சென்று, முஜிபுர் ரஹ்மானுக்குக் கிடைத்தது.

தோட்டப்புற வாசகர் இத்தீர்ப்பைப் படிக்கையில் நெஞ்சில் வேறொரு நினைவு எழுந்திருக்கும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மலைகளில் உழைத்தவரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டே வாக்கும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்டு 9,75,000 பேரைக் கணக்கிட்டுப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்ப்பதற்கு. எஹலியகொடவின் தோட்டங்களில் பால்வெட்டியவரும் அந்த எண்ணுக்குள் அடங்கியவரே. எஞ்சியோர்க்கும் உரிமை வழங்கி அக்கணக்கை முடிக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஒருவர்க்கு வேறொரு நாட்டின் குடியுரிமை இருந்ததால் ஆசனம் போயிற்று. ஓர் இனத்துக்கு எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாததால் வாக்கே போயிற்று. சட்டம் இரண்டிடத்தும் சட்டந்தான். ஆனால் முன்னவர்க்கு நீதிமன்றில் வாதாட ஆண்டுகள் கிடைத்தன. பின்னவர்க்கு மூன்று தலைமுறை காத்திருப்பே கிடைத்தது. ஏளனத்துக்காக அன்று, எடை காண்பதற்காகவே இதனைக் குறிக்கிறோம்.

சொல் தங்கியது

ஆள் போனார், சொல் போகவில்லை. 2024இல் அரசு மாறியது. ஆட்சிக்கு வந்தவர்கள் டயனா கமகேயின் அரசியலுக்கு எவ்வகையிலும் உறவானவர்கள் அல்லர். எனினும் 2025ஆம் ஆண்டில், ஏற்றுமதிக்கு மட்டும் கஞ்சா பயிரிட முதலீட்டுச் சபை வழியாக ஏழு முதலீட்டாளர்க்கு இடமளிக்கப்பட்டதாகவும், மீரிகமவில் 64 ஏக்கர் அதற்கென ஒதுக்கப்பட்டதாகவும் செய்திகள் வந்தன. நிறைந்த டொலர் முன்வைப்பும் கடுமையான காவலும் நிபந்தனைகள் ஆயின. ஒரு காலத்து நகைப்புக்குரிய சொல் இன்று வேலியும் காவலும் போட்ட நிலமாகிவிட்டது.

இங்கேதான் எஹலியகொடவிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. வேலிக்குள்ளே செடி மருந்து; வேலிக்கு வெளியே அதே செடி குற்றம். டொலரோடு வருபவர்க்கு அனுமதிப் பத்திரம். சட்டைப் பையில் ஒரு சுருட்டளவு வைத்திருந்த கூலியாளுக்கு விலங்கு. இலங்கையில் ஆண்டுதோறும் கஞ்சா வழக்கில் கைதாவோர் பல்லாயிரவர். அவர்களுள் வழக்கறிஞருக்குப் பணம் கட்ட வழியற்றவர் எத்தனை பேர் என்பதை எந்த நீதவான் நீதிமன்ற முற்றத்திலும் சென்று காணலாம். 1929ஆம் ஆண்டின் சட்டம் ஏற்றுமதியாளர்க்கு நெகிழுமாயின், அவர்களுக்கும் சிறிது நெகிழ வேண்டாமா? இக்கேள்வியை டயனா கமகே தம் அரசியலின் மையமாக்கவில்லை. அவர்க்குப் பின் வந்தவர்களும் ஆக்கவில்லை.

இதனைக் கேட்பதால் கஞ்சாவைக் கொண்டாடுகிறோம் என்று எவரும் கொள்ளலாகாது. போதை வீட்டை எவ்வாறு தின்னும் என்பதைத் தோட்ட லயங்களில் வாழ்வோர்க்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. சம்பள நாளின் மாலையில் சாராயக் கடை வாசலிலும் கசிப்புக் காய்ச்சும் மறைவிலும் போன பணம் எத்தனை அடுப்பை அணைத்தது என்பதை அவர்கள் அறிவார்கள். வளரும் பிள்ளைகளின் மூளைக்குக் கஞ்சா கேடு செய்யும் என்பதையும், மிகுதியாகப் பயன்படுத்துவோரில் சிலர்க்குச் சித்தப்பிரமை உண்டாகும் என்பதையும் மருத்துவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். பள்ளி செல்லும் மகன் கெட்டுவிடுவானோ என்று அஞ்சும் தாயின் அச்சம் மூடநம்பிக்கையன்று. அதற்கு மதிப்புக் கொடுத்தே எச்சட்டமும் இயற்றப்பட வேண்டும்.

ஆனால் அந்த அச்சத்துக்கு விடை தேடியவர்களும் முன்னரே இருந்தார்கள். 1893ஆம் ஆண்டில், மதுவிலக்கில் பற்றுக்கொண்ட கெயின் என்னும் ஆங்கிலப் பாராளுமன்ற உறுப்பினர் எழுப்பிய கேள்வியின் பேரில், இந்தியாவின் கஞ்சாப் பழக்கத்தை ஆராய ஓர் ஆணைக்குழு அமைந்தது. சென்னை மாகாணம் உட்பட நாடெங்கும் விசாரித்து மறு ஆண்டு அறிக்கை தந்தது. அளவான பழக்கம் பெருங்கேடு செய்வதில்லை, மிகுதி கேடு செய்யும், முழுத் தடை தேவையுமன்று பொருத்தமுமன்று, வரியாலும் அனுமதியாலும் கட்டுப்படுத்துக என்பது அதன் முடிவு. தடுக்க எண்ணியவரின் கேள்வியிலிருந்தே அந்த நிதானமான விடை பிறந்தது. நூற்றுமுப்பது ஆண்டுகட்கு முன்னரே ஓர் அரசு இவ்வளவு பொறுமையோடு கேட்டறிய முடிந்ததென்றால், இன்று அது முடியாமற் போவானேன்?

யாருடைய பயிர்?

இறுதியாக நிலத்தையும் கூலியையும் பற்றிய கேள்வி. இறப்பர்த் தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. எத்தனை கை மாறினாலும் லயத்து அறை மாறவில்லை. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை 2015இல் எழுந்து, 2021ஆம் ஆண்டு மார்ச்சில்தான் வர்த்தமானியில் ஏறியது. ஆயிரம் ரூபாவுக்கு ஆறாண்டு. அதற்குள் அதன் பெறுமதியைப் பணவீக்கம் தின்னத் தொடங்கிவிட்டது. நாட்டைக் காக்கும் பயிர் என்று தேயிலையைச் சொன்னார்கள், இறப்பரைச் சொன்னார்கள். 1952இல் சீனாவோடு செய்த இறப்பர் அரிசி ஒப்பந்தத்தின்போது இந்த மரத்தின் பாலே நாட்டுக்குச் சோறு போட்டது. பயிர் நாட்டைக் காத்ததில் பொய்யில்லை. பயிரைக் காத்தவர்களை நாடு காத்ததா என்பதே விடை பெறாத வினா.

ஆகவே நாளை எவரேனும் ஒருவர், சிறிய கட்சியினரோ பெரிய கட்சியினரோ, இம்மலைச்சரிவில் நின்று புதிய பயிரின் பெயரைச் சொல்வாராயின் அவரை இங்குள்ளோர் ஏச வேண்டியதில்லை, நகைக்கவும் வேண்டியதில்லை. அமைதியாகக் கேட்க வேண்டியவை உண்டு. அந்நிலத்தில் எங்கள் பிள்ளைக்கு ஒரு துண்டு சொந்தமாகுமா? அச்செடியைப் பராமரிக்கும் கைக்கு மழை நாளிலும் முழுப்பேர் உண்டா? சிங்கோனாவைப் போல விலை விழுந்தால், முள்ளுத்தேங்காயைப் போல ஆணை மாறினால், நட்டம் யாரைச் சேரும்? இவற்றுக்கு விடை சொல்ல அவரிடம் இரண்டாவது சொல் ஒன்று இருத்தல் வேண்டும்.

டயனா கமகே ஒரே சொல்லோடு வந்து, அதனைச் சட்டத்தின் வாசல் வரை கொண்டுசென்றார். அத்துணிவை மறுப்பது நேர்மையன்று. தாம் எண்ணியதை ஊருக்கு அஞ்சாமல் சொன்னவர்கள் நம் சபைகளில் மிகச் சிலர். ஆனால் அச்சொல்லில் டொலர் இருந்தது, உழைப்பவர் இல்லை. அவர்களைச் சேர்த்துச் சொல்லும் பொறுப்பு இனி வருபவர்களுடையது. கேட்டு வாங்கும் பொறுப்பு நம்முடையது.